பன்னிரண்டு தூண்களும் ஒரு புகைப்படமும்

எடின்பரோ,
சனிக்கிழமை இரவு.

அன்பும் மதிப்பும் மிக்க மாமா அவர்களுக்கு,

தொலைபேசியில் வரும் சேதி பொரி போன்றது, வாயை நிறைக்குமே தவிர வயிற்றை நிறைக்காது, கடிதம்தான் இலை போட்டுப் பரிமாறும் சோறு என்று சென்ற மாதம் தாங்கள் எழுதியிருந்ததைப் படித்து வெட்கமடைந்து, இன்று தலைவாழை இலையாகவே போட்டுவிடுவது என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

“முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் ஸர் வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வைப் பாடம் சொன்னவன் நான்; அந்த மகானுடைய ஊரிலேயே மூன்று வருஷமாக இருக்கிற நீ அதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லையே, உத்தியோகம் பார்க்கப் போனாயா, ஒளிந்துகொள்ளப் போனாயா?” என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் தங்கள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இரண்டு கண்கள் என்னைப் பார்ப்பதாகவே தோன்றியது. உண்மை என்னவென்றால், காரியாலயம், என் ஜாகை, வெள்ளிக்கிழமைதோறும் கறிவேப்பிலை வரும் கடை ஆகிய மூன்றையும் தவிர இந்த ஊரில் நான் ஒன்றையும் பார்த்ததில்லை. சித்திரை வீதியில் குடியிருப்பவன் பொற்றாமரைக் குளத்தைப் பார்க்க வேண்டுமானால் வெளியூரிலிருந்து உறவினர் வர வேண்டும் அல்லவா? எனக்கு இங்கே உறவினர் இல்லை.

நான் வந்த புதிதில் அனுப்பிய புகைப்படத்தை, அதாவது பெரிய கல் மாளிகை ஒன்றின் வாசலில் கறுப்புக் கோட்டுடன் நான் நிற்கும் படத்தை, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப்பற்றி முடிவில் சொல்கிறேன். இப்போது நடக்கத் தொடங்குவோம்.

நடப்பது என்று சொன்னது அலங்காரத்துக்காக அன்று. இந்த ஊரில் ‘இலவச நடைச் சுற்றுலா’ என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் ஒருவர் நம்மைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று சரித்திரம் சொல்லுவார், கட்டணம் கிடையாது, முடிவில் மனம் விரும்பியதைக் கொடுத்தால் போதும். “மனம் விரும்பியதைக் கொடுங்கள்” என்று எவர் சொன்னாலும் அவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற பாலபாடத்தை மதுரை ரயில் நிலைய வாசலிலேயே கற்றவன் நான். ஆயினும், கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு ‘இலவசம்’ என்ற சொல்லின்மேல் உள்ள பிரேமை லேசில் விடுவதில்லையாகையால், இன்று காலை பத்தரை மணிக்குக் கோட்டை வாசலில் போய் நின்றேன்.

வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க, சிவந்த தாடி வைத்த, சரித்திரம் படித்த இளைஞர். இடுப்பில் கட்டம் போட்ட கம்பளிக் கில்ட். அதற்கு முன்னால் குஞ்சம் தொங்கும் ஒரு தோல் பை. கில்ட்டைப் பாவாடை என்று சொல்லக் கூடாது. சொன்னால் இந்நாட்டவருக்கு வேஷ்டியைத் துண்டு என்றால் நமக்கு வருகிற கோபம் வரும். கோட்டை அமைந்திருப்பதோ சுமார் 35 கோடி வருஷங்களுக்கு முன்பு எரிந்து அவிந்த எரிமலையின் பாறைமேல். அங்கே வீசும் காற்றுக்குப் பெரியவர் சிறியவர் என்ற பேதம் கிடையாது. ஒரு கையால் கில்ட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் சரித்திரத்தைச் சுட்டிக் காட்டியபோது, ஆடி மாதத்தில் வைகைப் பாலத்தின்மேல் வேஷ்டியுடன் சைக்கிள் விட்டுப் பழகிய எனக்கு அவர்மேல் உண்டான சகோதர வாஞ்சையை என்னவென்று சொல்வேன்! அதே சமயத்தில், சென்ற வாரம்தான் வாங்கிய என் குடை பட்டென்று மேல்நோக்கி மலர்ந்து, கம்பிகள் எட்டும் எட்டுத் திசைகளுக்கும் விடைபெற்றுக்கொண்டன. “இந்த ஊர்க்காரர்கள் குடை பிடிப்பதில்லை, வெளியூர்க்காரர்களுக்கு விற்பதோடு சரி” என்றார் வழிகாட்டி. கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று.

கோட்டைக்குள் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வாங்க வேண்டிய எந்த இடத்துக்குள்ளும் இலவசச் சுற்றுலா நுழைவதில்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வெளி மைதானத்திலேயே நின்றோம். அந்த மைதானத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கடலுக்கு அப்பால் கனடாவிலே நோவா ஸ்கோஷியா என்ற பிரதேசத்தில் குடியேற்றம் நடத்த விரும்பிய அரசாங்கம், 1625-ஆம் ஆண்டில் பிரபுக்களுக்கு அங்கே நிலமும் பட்டமும் வழங்கியது. பட்டத்தை ஏற்பதற்கு அந்த மண்ணை மிதிக்க வேண்டும். கப்பல் ஏறிப் போகவோ பிரபுக்களுக்கு மனமில்லை. ஆகவே இந்த மைதானத்தின் ஒரு பகுதியையே நோவா ஸ்கோஷியா என்று சாசனம் செய்துவிட்டார்களாம்! பட்டம் பெற்றவர்கள் அதன்மேல் நின்று கனடாவில் நிலம் பெற்றுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்கள். விசாவுக்காக மூன்று ஊர்களில் வரிசையில் நின்று, பத்து விரல்களின் ரேகையையும் கொடுத்து, கல்யாணப் பெண்ணைப்போல் முகத்தை நேராக வைத்துப் படம் எடுத்துக்கொண்ட நான், அந்த இடத்தில் சற்று அதிக நேரம் நின்றேன்.

மைதானத்தின் ஓரத்தில் சுவரில் பதித்த ஒரு சிறு நீரூற்றைக் காட்டினார். சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி அந்தப் பாறையருகே எரிக்கப்பட்ட பெண்களின் நினைவாக 1894-ஆம் ஆண்டில் வைத்ததாம். ராஜாக்களின் கோட்டை வாசலிலே, ‘நாங்கள் இப்படிப்பட்ட பாதகத்தையும் செய்தோம்’ என்று ஒரு ஊர் தானே அடையாளம் வைத்திருப்பதைக் கண்டு எனக்கு ஆச்சரியமாயிருந்தது. வைக்கச் செய்தவர் யார் என்று கேட்டேன். பேட்ரிக் கெடிஸ் என்ற நகரமைப்பு அறிஞர் என்றார். பக்கத்திலேயே இருந்த ஒரு கோபுரத்தையும் காட்டினார். அதன் உச்சியில் உள்ள ஆடியும் கண்ணாடிவில்லையும் தெருவில் போகிற மனிதர்களையெல்லாம் இருட்டறைக்குள்ளே ஒரு வெள்ளை மேஜையின்மேல் கட்டெறும்புகளாக ஊரச் செய்யும். 1892-இல் கெடிஸ் அந்தக் கோபுரத்தை எடுத்துக்கொண்டு, ஊரை முழுமையாகப் பார்க்கக் கற்பிக்கும் பாடசாலையாக்கினார். இடிந்து நாறிய பழைய சந்து வீடுகளை ஒரேயடியாக இடித்துத் தள்ளாமல், அழுகியதை மட்டும் அறுத்து நல்லதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. சொன்னதோடு நிற்காமல் மனைவியையும் அழைத்துக்கொண்டு அந்தச் சந்துகளில் ஒன்றிலேயே குடிபோனவர்.

“பிற்பாடு அவர் இந்தியாவில் மதராஸுக்குப் போனார், 1914-இல் அவர் அனுப்பிய கண்காட்சிப் பொருள்களைச் சுமந்து சென்ற கப்பலை ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது” என்று வழிகாட்டி சொன்னார். எந்தக் கப்பல் என்றேன். “எம்டன்” என்றார். மாமா, நான் தெருவென்றும் பாராமல் சிரித்துவிட்டேன். சென்னையின்மேல் குண்டு போட்ட அதே எம்டன். நம் பாஷையில் புகுந்து, படுசாமர்த்தியசாலிக்கும் கண்டிப்புக்காரருக்கும் பட்டப்பெயராகிவிட்ட அதே எம்டன்! இதை இருபது பேருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. கண்காட்சி மூழ்கியும் கெடிஸ் மூழ்கவில்லை. சிநேகிதர்கள் மறுபடி சேகரித்து அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தி, பிறகு நம் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களையும் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். ஆக, நான் இவர்கள் ஊரைப் பார்க்க வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இவர்களில் ஒருவர் நம் ஊரை நடந்து பார்த்துவிட்டார். மொய்யைத் திருப்பிச் செய்ய நான் கொஞ்சம் தாமதித்துவிட்டேன், அவ்வளவுதான். தங்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எம்டன் என்றுதான் அழைத்தார்கள் என்பதை அந்தக் கூட்டத்தில் நான் வெளியிடவில்லை. இங்கே எழுதிவிட்டேன்; பொறுத்தருள வேண்டும்.

கோட்டையிலிருந்து கீழிறங்கும் ராஜபாட்டையின் இரு மருங்கிலும் ஆள் நுழையும் அகலத்துக்குச் சந்துகள் பிரிகின்றன, ‘க்ளோஸ்’ என்பார்கள். பழைய காலத்தில் மதில் சுவருக்குள் அடைபட்ட ஊர் பக்கவாட்டில் வளர வழியில்லாமல், உயரத்தில் வளர்ந்து, பத்து அடுக்குக்கும் மேற்பட்ட வீடுகளாக நின்றது. சாக்கடை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல், “கார்டிலூ!” என்று கத்திவிட்டு அன்றைய கழிவு முழுவதையும் ஜன்னல் வழியாகத் தெருவில் கொட்டுவார்களாம். ‘தண்ணீர், ஜாக்கிரதை’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்றொடரின் சிதைவு அது. கொட்டியது தண்ணீர் அன்று என்றாலும், அபிஷேகம் செய்வதற்கு முன் பிரெஞ்சு மொழியில் எச்சரிக்கும் மரியாதையை நான் மெச்சினேன். நம் மாடி வீட்டு அம்மாள் வாளித் தண்ணீரைக் கவிழ்க்கும்போது தமிழில்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்தது ஒரு திருடனுடைய சந்து. வில்லியம் பிரோடி என்பவர் தச்சர் சங்கத்தின் தலைவர்; நகரசபை அங்கத்தினர்; ஊரிலுள்ள கனவான்களின் வீடுகளுக்கு அலமாரியும் பூட்டும் செய்து கொடுத்தவர். பகலில் பூட்டைப் பொருத்தும்போதே சாவியை மெழுகில் அழுத்தி அச்சு எடுத்துக்கொள்வார். இரவில் வந்து திறப்பார். கடைசியில் வரி வசூல் காரியாலயத்திலேயே கைவைத்து, ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடி, பிடிபட்டு, 1788-இல் தூக்கிலிடப்பட்டார். பகலில் ஒருவராகவும் இரவில் வேறொருவராகவும் வாழும் மனிதனைப்பற்றி ஸ்டீவன்ஸன் எழுதிய ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ என்ற கதைக்கு இவரே தூண்டுதல் என்பார்கள். ஸ்டீவன்ஸனின் வீட்டிலேயே பிரோடி செய்த அலமாரி ஒன்று இருந்ததாம். இப்போது அந்தத் திருடன் பெயரால் சந்து இருக்கிறது. எதிரே சாராயக் கடை இருக்கிறது. அதன் பலகையில் அவர் உருவமும் இருக்கிறது. நம் ஊரில் தெருவுக்குப் பெயர் வைத்த பிறகுதான் சிலருடைய குணம் வெளிப்படும். இங்கே குணம் தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து நாலடி நடந்தால் தத்துவ ஞானி டேவிட் ஹியூமின் வெண்கலச் சிலை. 1776-இல் காலமான அவர், அற்புதங்கள் நிகழ்ந்தன என்று சொல்வாரை எளிதில் நம்பாதீர்கள் என்று ஆயுள் முழுவதும் வாதாடியவர். சிற்பியோ அவரைக் கிரேக்க ஞானியாகப் பாவித்து, இந்தக் குளிரில் அரைகுறையாக ஒரு மேல்துணியைச் சுற்றி உட்கார வைத்துவிட்டார். அதைவிட வேடிக்கை, உடம்பெல்லாம் கறுத்திருக்கும் அந்தச் சிலையின் கால் கட்டைவிரல் மட்டும் தங்கம்போல் பளபளக்கிறது. பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் அதைத் தேய்த்துவிட்டுப் போனால் தேறிவிடுவார்களாம்! மூடநம்பிக்கையை எதிர்த்தவரை வாயடைக்கச் செய்வதற்கு அவரையே சாமியாக்கிவிடுவதைவிடச் சிறந்த உபாயம் உலகத்தில் இல்லைபோலும். கூட்டம் நகர்ந்த பிறகு, யாரும் பார்க்காத சமயத்தில் நானும் அந்த விரலைத் தொட்டேன். ஏன் தொட்டேன் என்பதும் முடிவில் வரும்.

ஸெயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் தரையில் கற்களாலேயே ஓர் இதய வடிவம் பதித்திருக்கிறது. 1817-இல் இடிக்கப்பட்ட பழைய சிறைச்சாலை நின்ற இடம் அது; தங்கள் ஸ்காட் அவர்கள் மறு வருஷமே அதன் பெயரால் ஒரு நாவல் எழுதினார். இதைப்பற்றி வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, தொப்பியும் கைத்தடியுமாக, ஓய்வுபெற்ற நீதிபதியைப்போல் விளங்கிய ஒரு முதியவர் வந்தார், சற்று நின்றார், அந்த இதயத்தின் நட்ட நடுவில், குறி தப்பாமல், காறித் துப்பினார், “நல்ல காலை வேளை” என்று எங்களுக்கு முகமன் கூறிவிட்டுப் போய்விட்டார். சிறையின்மேல் இருந்த வெறுப்பில் தொடங்கிய பழக்கம் இப்போது அதிர்ஷ்டத்துக்கான சடங்காகிவிட்டதாம். ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ என்று எழுதிய சுவர்களையே பார்த்து வளர்ந்து, கல்லூரி நாளில் வெற்றிலைச் சாறு துப்பியதற்காகத் தங்களிடம் பிரம்படியும் பட்ட எனக்கு, எங்கோ நீதி தவறியதுபோல் மனம் ஒரு கணம் கசந்தது.

கிரேஃபிரையர்ஸ் என்ற மயானத்தில் சில கல்லறைகளுக்கு இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் எழுந்து வந்துவிடுவார் என்ற பயத்தால் அன்று. வைத்தியக் கல்லூரிக்கு அறுத்துப் படிக்கப் பிரேதம் தேவைப்பட்ட காலத்தில், வெளியே இருப்பவர்கள் எடுத்துப் போய்விடாமல் இருப்பதற்காக. தோண்டுகிற சிரமம்கூட வேண்டாம் என்று 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்றே விற்ற கதையை, அத்தைக்கும் தாங்கள் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவீர்களாகையால், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அத்தைக்கு உகந்த கதை அதே வாசலில் இருக்கிறது. 1858-இல் இறந்த ஜான் கிரே என்ற இரவுக் காவல்காரரின் நாய், பாபி என்று பெயர், எஜமானனின் சமாதியை விட்டு நகராமல் பதினான்கு வருஷம் காத்துக் கிடந்ததாம். இடையில் 1867-இல், உரிமம் இல்லாத நாய்களைக் கொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தபோது, நகரத் தலைவரே அதற்குப் பணம் கட்டிக் கழுத்துப் பட்டை வாங்கிக் கொடுத்தார். பாபிக்கு இன்று சிலை இருக்கிறது. நம் ஊராயிருந்தால் பைரவர் சந்நிதியே எழுந்திருக்கும். தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலையும் சாற்றியிருப்போம்.

பிறகு வடக்குப் பாலத்தின்மேல் நடந்தோம். கீழே ரயில் நிலையம். அதற்குப் பெயர் வேவர்லி. தங்கள் ஸ்காட்டினுடைய நாவலின் பெயர்தான். நாவலின் பெயரைச் சொல்லி ரயில் சீட்டு வாங்குகிற ஊர் இது! அப்பால் 61 மீட்டர் உயரத்துக்கு அவருக்கு எழுப்பிய நினைவுக் கோபுரம், 287 படிகள், நடுவில் ஸ்காட் அவர்கள் நாயுடன் வீற்றிருக்கிறார். தங்கள் சார்பில் ஒரு கும்பிடு போட்டேன். நிலையத்தை ஒட்டிய ஹோட்டலின் மணிக்கூண்டுக் கடிகாரம், ஜனங்கள் ரயிலைத் தவறவிடாதிருப்பதற்காக, 1902 முதல் மூன்று நிமிஷம் முன்னதாகவே ஓடுகிறது. டிசம்பர் 31-ஆம் தேதி மட்டும் புது வருஷத்துக்காக உண்மை சொல்லும். வருஷத்தில் 364 நாள் பரோபகாரமாகப் பொய் சொல்லும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபோது, எனக்கு ஏனோ கூடத்தில் மாட்டிய புகைப்படம் ஞாபகத்துக்கு வந்தது.

கடைசியாகக் கால்ட்டன் குன்று. உச்சியில், ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினானைப்போல் பன்னிரண்டு பிரம்மாண்டமான தூண்கள் நிற்கின்றன. பின்னால் ஒன்றும் இல்லை. நெப்போலியனோடு நடந்த யுத்தங்களில் மாண்ட வீரர்களுக்காக 1826-இல் கட்டத் தொடங்கி, பணம் தீர்ந்து 1829-இல் நின்றுபோன ஆலயம் அது. “இதற்கு நாங்கள் ‘எடின்பரோவின் அவமானம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்!” என்று, முதல் பரிசு வாங்கிய பிள்ளையைக் காட்டும் தகப்பனைப்போல் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் அந்த இளைஞர். இப்போதாவது கட்டி முடிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். “முடித்துவிட்டால் அது ஏதென்ஸின் நகல், இப்படியே நின்றால் எங்களுடையது” என்றார். எனக்கு எழுகடல் தெருப் பக்கம் திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமல் நின்ற ராயகோபுரம் கண்முன் வந்தது. தலையில்லாத அந்தக் கல் நிலைகளைப் பாத்திரக் கடைகளுக்கு நடுவே எத்தனையோ தரம் கடந்திருக்கிறேன். விருந்தாளிகளை அழைத்துச் சென்று ஒருநாளும் காட்டியதில்லை. முடிந்ததைத்தான் காட்ட வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

அப்போது ‘டமார்’ என்று கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தது. நான் பக்கத்திலிருந்த மாதின் கையைப் பிடித்துவிட்டேன். கடலில் கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதற்காக 1861-லிருந்து, ஞாயிறும் சில பண்டிகைகளும் நீங்கலாக, தினந்தோறும் பகல் ஒரு மணிக்கு வெடிக்கும் பீரங்கி அது. பன்னிரண்டு மணிக்கு வெடித்தால் பன்னிரண்டு குண்டு செலவாகும், ஒரு மணிக்கு ஒன்றே போதும் என்று இவ்வூரார் தம் சிக்கனத்தைத் தாமே கேலி செய்துகொள்கிறார்கள். அந்தச் சத்தத்தோடு இலவசமும் முடிந்தது. வழிகாட்டி தொப்பியை நீட்டினார். பவுனை ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் தீரவில்லையாயினும், ஆயிரத்துக்குமேல் வருகிறதே என்று தெரிந்தே பத்துப் பவுன் நோட்டு ஒன்றைப் போட்டேன். திருடனையும், எரித்த பாவத்தையும், நின்றுபோன தூணையும் ஒளிக்காமல் காட்டியவருக்குக் குறைத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

இனி, பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். புகைப்படத்தில் உள்ள மாளிகை என் வீடு அன்று. அது ஒரு காரியாலயம். அதன் வாசலில்தான் நான் ஏறும் பஸ் நிற்கும். கோட்டு என்னோடு வேலை பார்ப்பவருடையது. படம் எடுத்து முடிந்ததும் குளிருகிறது என்று திருப்பி வாங்கிக்கொண்டார். என் ஜாகை 84 படி ஏறிய பிறகு வரும் ஒற்றை அறை. கட்டிலை நகர்த்தினால்தான் அலமாரியைத் திறக்கலாம். கணக்குப் பரீட்சை முழுவதும் தேறிவிட்டதாகப் போன வருஷம் எழுதினேன் அல்லவா? இரண்டு தாள் பாக்கி. ஹியூமின் கட்டைவிரலைத் தொட்டது அதற்காகத்தான்.

படத்தைக் கழற்றிவிட வேண்டாம், மாமா. யாராவது கேட்டால், “இது என் மருமகன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம், கோட்டு இரவல், பரீட்சையில் இரண்டு தாள் பாக்கி” என்று, அந்தக் கில்ட் கட்டிய இளைஞர் தூண்களைக் காட்டியதுபோல நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். கேட்டவர்கள் சிரித்தால், மனம் விரும்பியதைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்.